மீன்பிடி உரிமை

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். கோர்ட்டுக் காகிதப்படி உங்களை இனி நான் இப்படிக் கூப்பிட முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, நாக்கு ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. அக்கா என்று எழுதிப் பார்த்தேன், யாரோ எதிர்வீட்டு அம்மாவுக்கு எழுதுவது போல இருந்தது. அதனால் பழைய பெயரே இருக்கட்டும். கோர்ட்டு வந்து என் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை.

உங்கள் உறை நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே கண் டாக்டர் எழுதிய பவர் சீட்டும், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'ராஜா என்ன சொன்னார்?' என்று ஒரே ஒரு கேள்வியும் இருந்தன. எங்கள் முதலாளி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, யாருங்க அந்த ராஜா என்று கேட்டார். இங்கிலாந்து ராஜா என்றேன். மனுஷன் அன்று முழுக்க என்னிடம் கொஞ்சம் மரியாதையாகவே பேசினார்.

கண்ணாடி தயாராகிவிட்டது. இந்த முறை மூக்கை அழுத்தாத லேசான பிரேம் போட்டிருக்கிறேன். லென்ஸை நானே மெஷினில் வைத்து ஓரம் தேய்த்து, பிரேமைச் சூடு காட்டி வளைத்து, உட்கார வைத்தேன். உங்கள் மூக்கு இடப்பக்கம் ஒரு இழை தாழ்வு. பிறந்ததிலிருந்து சுமக்கிற உங்களுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். இனி வழுக்காது. புதன்கிழமை தபால் ஆபீசுக்குப் போகும்போது இந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன்.

ஒரு முக்கியமான விஷயம். இனி கடை முகவரிக்கு எழுத வேண்டாம். நீங்களும் நானும் தொடர்பில் இருப்பது என் மகளுக்குத் தெரிந்துவிட்டது. பதறாதீர்கள், வரிசையாகச் சொல்கிறேன். இதை எழுதுவதற்கு அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் இந்தக் கண்ணாடியால் வந்த வினை. எங்கள் கடையில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சின்னத் தட்டு உண்டு. பிரேமும் லென்ஸும் அதில் இருக்கும், மேலே வாடிக்கையாளர் பெயர் எழுதிய சீட்டு இருக்கும். போன வாரம் ஒரு சாயங்காலம் நல்ல மழை. வேலை முடிந்து வருகிற வழியில் மகள் என்னைக் கூட்டிப் போகக் குடையோடு கடைக்கு வந்தாள். நான் பின்னறையில் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி உங்கள் தட்டை எடுத்து அவளிடம் காட்டி, 'பாத்தியாம்மா, உங்க மாமியாருக்கு அம்மா தன் கையாலேயே கண்ணாடி போட்டிருக்காங்க' என்று சொல்லியிருக்கிறார். அவளும் உங்கள் பிள்ளையும் பிரிந்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்த விஷயம் நினைவுக்கு வருவதற்குள் வாய் முந்திக்கொள்ளும், அவ்வளவுதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தார்.

 வீட்டுக்கு வந்ததும் அவள் ஈரக் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, சமையலறைக்கு வந்து நின்றுகொண்டு கேட்டாள், எத்தனை நாளா நடக்குது இது என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் எனக்கு எப்போதும் கிடையாது. கோர்ட்டுச் சமரச மையத்தில் காத்திருந்த முதல் நாளிலிருந்தே என்றேன். அவள் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'நான் உள்ளே உக்காந்து அழுதுட்டிருந்தேன். வெளியே நீங்க ரெண்டு பேரும் சேந்து கதை படிச்சிட்டிருந்தீங்களா?' என்றாள்.

சம்பந்தியம்மா, அந்தக் கேள்விக்கு ஆமாம் என்பதுதான் பதில். அதனால் உட்காரச் சொல்லி, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். கூட்டியோ குறைத்தோ சொல்லியிருந்தால் திருத்துங்கள்.

அந்தக் காத்திருக்கும் அறையில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு, இந்தப் பக்கம் பெண் வீடு, கல்யாணத்தன்று உட்கார்ந்த அதே ஒழுங்கு. நடுவில் தண்ணீர் மெஷின். மூலையில் யாரோ தானமாகக் கொடுத்த புத்தகங்கள் அடுக்கிய அலமாரி. குழந்தை வளர்ப்பு, பழைய சட்டப் புத்தகம், அட்டை கிழிந்த மாதப் பத்திரிகைகள். நீங்கள் அவற்றில் தடிமனான நீல அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து படிக்க ஆரம்பித்தீர்கள். கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை. நீங்கள் விரலால் மேலே தள்ள, அது இறங்க, மறுபடி தள்ள, மறுபடி இறங்க. மற்றவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அடுப்பில் பால் பொங்கி வழிவதைக் கை கட்டிக்கொண்டு பார்ப்பது மாதிரி இருந்தது.

எழுந்து வந்து குடுங்க அதை என்று வாங்கி, கைப்பையிலிருந்த சின்ன ஸ்குரூடிரைவரால் திருகை இறுக்கினேன். உங்களைப் பார்த்தால் கேட்க வேண்டும் என்று ஆயிரம் கேள்விகள் மனதில் சேர்த்து வைத்திருந்தேன், எல்லாம் காரமான கேள்விகள். வாயில் வந்தது, எந்தக் கடையில் வாங்கினீங்க, இவ்வளவு மட்டமா மாட்டியிருக்கானே என்பதுதான். நீங்கள் கடையின் பெயரைச் சொன்னீர்கள். அட, அவனா என்று நான் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது சரியாக நிற்கிறதா, கொஞ்சம் படித்துப் பாருங்கள் என்றேன். நீங்கள் வாய்விட்டுப் படித்தீர்கள். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் பேசிய குரல், பக்கத்து ஆளுக்கு மட்டும் கேட்டு அதற்கு அடுத்த ஆளுக்குக் கேட்காது. அமெரிக்கா என்று பிற்பாடு பெயரான தேசத்துக்கு இங்கிலாந்திலிருந்து முதல் முதலில் கப்பலேறிப் போனவர்களின் கதை. கண்ணாடி சரியாக நிற்கிறது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. நீங்கள் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

நாம் சிரித்ததையும் அவளிடம் சொன்னேன். போனவர்கள் விதைக்கத் தெரியாமல் பட்டினி கிடக்கிறார்கள், அடுத்த கப்பலில் அவர்களுக்குத் துணையாக வந்து இறங்குகிறார்கள் பொற்கொல்லர்களும் வாசனைத் தைலம் செய்கிறவரும். பிறகு பளபளவென்று மின்னிய மண்ணைத் தங்கம் என்று நினைத்துக் கப்பல் கப்பலாக ராஜாவுக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதத்தான் நாங்க கல்யாணச் செலவுன்னு சொல்வோம் என்றீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். வாசலில் இருந்த பியூன் முறைத்தான். கல்யாணத்தன்றுகூட நாம் இரண்டு பேரும் அப்படிச் சிரித்தது கிடையாது.

இன்னொரு நாள் நீங்கள் படிக்க முடியாமல் நிறுத்தினதையும் சொன்னேன். அந்த மண்ணின் சொந்தக்காரன் ஒருவனைக் கப்பல்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் விற்றுவிடுகிறார்கள். எப்படியோ தப்பித்து, கடல் கடந்து ஊர் திரும்பினால் அங்கே ஒருவரும் உயிரோடு இல்லை, வந்தவர்கள் கொண்டுவந்த நோயில் மொத்த ஊரும் போய்விட்டது. அப்புறம் வந்து இறங்கிய இன்னொரு கூட்டத்துக்குச் சோளம் நடச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். அந்தப் புத்தகம் இதையெல்லாம் ஒரு பக்கத்தில் முடித்துவிட்டு மேலே போகிறது. நீங்கள் போகவில்லை. மனுஷன் யார்கிட்ட போய்ச் சொல்லி அழுதிருப்பான் என்று கேட்டீர்கள். அதன் பிறகு அன்று இரண்டு பேரும் தண்ணீர் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

என் மகள் இதையெல்லாம் கேட்டு முடித்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அது வராது என்று உங்களுக்குத் தெரியும். 'அன்னைக்கு உள்ளே கூப்பிட்டப்ப அவங்க என்ன சொன்னாங்கன்னு உனக்கே தெரியும்' என்றேன்.

அதற்கு நான் உங்களுக்கு இன்னும் நேருக்கு நேர் நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு அம்மாக்களையும் உள்ளே அழைத்து, உங்கள் பக்கத்துக் குறையைச் சொல்லுங்கள் என்று அந்தச் சமரச அதிகாரி கேட்டார். உங்கள் வக்கீல் பதில் மனு நிறையக் குறைகள் எழுதி வைத்திருந்தார், உங்கள் பிள்ளை அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். நீங்கள் எழுந்து நின்று, 'என் பையன் நல்லவன்தாங்க. ஆனா இந்தப் பொண்ணு மேல குறை சொல்ல எனக்கு வாய் வரல. எங்க வீட்ல இருந்த வரைக்கும் அவ எங்களை நல்லாத்தான் பாத்துக்கிட்டா. ரெண்டு பேருக்கும் ஒத்து வரல, அவ்வளவுதான்' என்றீர்கள்.  அதன் பிறகுதான் இரண்டு வக்கீல்களும் குறைப் பட்டியலை மடித்து வைத்தார்கள். சேறு பூசிக்கொள்ளாமல் பிரிந்தார்கள். அதற்காக உங்கள் வீட்டில் நீங்கள் எத்தனை நாள் யாரும் பேசாமல் தனியாகச் சாப்பிட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது, நீங்களும் சொன்னதில்லை. ஊகிக்க எனக்கு அறிவு இருக்கிறது. என் பெண் இன்று தலை நிமிர்ந்து வேலைக்குப் போய் வருகிறாள் என்றால் அதில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

மகள் அதற்குச் சொன்ன பதில் இது. 'தெரியும்மா. அதனாலதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. அவங்க கெட்டவங்களா இருந்திருந்தா சுலபமா மறந்திருப்பேன்.' இதை உங்களுக்கு எழுதலாமா என்று பிறகு அவளையே கேட்டேன். அது மட்டும் கடிதத்தில் போகட்டும் என்றாள்.

அன்றிலிருந்து சில நாள் வீட்டில் பேச்சு வேண்டிய அளவுக்கு மட்டும்தான். சாப்பிட்டியா, சாவி எங்கே, மழை வருமா. அவள் அப்பா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அவளும் பேசவில்லை என்றால் கடிகாரம்தான் பேச வேண்டும். மகள் வேண்டுமா சிநேகிதி வேண்டுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் மகள்தான் என்று சொல்வேன், நீங்களும் பிள்ளைதான் என்று சொல்வீர்கள். ஆனால் சொல்லிவிட்டு இரண்டு பேரும் மனதுக்குள் உடைந்துபோவோம். இந்த வயசில் புதிதாக ஒரு சிநேகிதி கிடைப்பதும், அவள் கைவிட்டுப் போவதும் சின்ன விஷயம் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது.

பேச்சில்லாத அந்த நாட்களில் நான் செய்த ஒரே காரியம் இரண்டாம் தொகுதியைப் படித்தது. முதல் தொகுதி எங்கே முடிந்தது என்று நினைவிருக்கும். வரிகளை எதிர்த்து, பெட்டி பெட்டியாகத் தேயிலையைக் கடலில் கொட்டிய இடத்தில். அதே நாள்தான் உள்ளேயும் எல்லாம் முடிந்தது. வெளியே வரும்போது என் மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். நீங்கள் பின்னாலிருந்து, அப்புறம் என்ன ஆச்சுன்னு யாராவது ஒருத்தர் கண்டுபிடிச்சுச் சொல்லணும் என்றீர்கள். நான் கண்டுபிடித்தேன். நூலகத்தில் இருக்கிற மனிதர் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர், எங்கிருந்தோ அதே நீல அட்டையில் இரண்டாம் தொகுதியைக் கொண்டு வந்து கொடுத்தார். பரீட்சைக்கா என்று கேட்டார். இல்லை, சம்பந்தியம்மாவுக்கு என்றேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். உங்கள் குரல் இல்லாமல் ஒரு பக்கம் தாண்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது.

உங்கள் கேள்விக்குப் பதில். சண்டை தொடங்கிய பிறகும், சமாதானமாகப் போகலாம் என்று கடைசியாக ஒரு மனு எழுதி ராஜாவுக்கு அனுப்புகிறார்கள். ராஜா அதை வாங்கவே மறுத்துவிட்டார். பிரித்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. மறு வருஷம் அவர்கள் ராஜா மேல் இருந்த குறைகளை வரிசையாக எழுதி, இனி நீ யாரோ நாங்கள் யாரோ என்று ஊருக்கெல்லாம் படித்துக் காட்டிவிட்டார்கள். அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு ஏதேதோ நினைவு வந்தது. நம் வக்கீல்களுக்கு ராஜாவிடம் வேலை கிடைத்திருந்தால் இன்னும் ஒரு பக்கம் கூடியிருக்கும்.

ஆக மொத்தம் எட்டு வருஷம் சண்டை, அப்புறம் சமாதான ஒப்பந்தம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. எல்லை எது, கடனை யார் அடைப்பது, பறிமுதல் செய்த சொத்தை என்ன செய்வது என்று எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். நடுவில் மீனுக்கு என்று ஒரு தனிப் பிரிவு போட்டிருக்கிறார்கள். ராஜாவின் கையில் மிச்சம் இருந்த வடக்குக் கடலில் முன்பு போலவே இவர்கள் போய் மீன் பிடித்துக்கொள்ளலாமாம். ஆள் குடியேறாத கரைகளில் இறங்கி, பிடித்த மீனைக் காயப் போட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டாம். எட்டு வருஷம் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டவர்கள் உட்கார்ந்து கருவாடு பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

நான் தனியாகச் சிரித்திருக்கிறேன் போல. மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, அந்தப் புத்தகத்துல அப்படி என்னதான் இருக்கு என்று கேட்டாள். அத்தனை நாளில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி. நான் மீன் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். எனக்கு அப்போது என்ன தைரியம் வந்ததோ தெரியவில்லை. 'நீங்க ரெண்டு பேரும் நாட்டைப் பிரிச்சுக்கிட்டீங்க. நல்லது, நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு அந்த மீன் பிடிக்கற உரிமையை மட்டும் விட்டு வையேன்' என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நான் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் எதிலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு, உங்களுக்கே தெரியும். 'மீன் பிடிச்சுக்கோ. ஆனா எங்க கரைக்கு வரக் கூடாது. என் நல்லது கெட்டது ஒரு வார்த்தை அங்க போகக் கூடாது. அங்கேருந்து ஒரு வார்த்தை இங்க வரக் கூடாது. போன்ல பேசினா உனக்கு வாய் நிக்காது, அதனால லெட்டர் எழுது' என்றாள். எழுதினதைக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம்மா, உன்னை நம்பறேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். காட்டு என்று சொல்லியிருந்தால்கூட எங்கேயாவது ஒரு வரி ஒளித்து வைத்திருப்பேன். நம்புகிறேன் என்றதும் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. போகிறபோது வாசலில் நின்று, இந்தப் பேச்சு வார்த்தையை மட்டும் ஒரே ஒரு தடவை எழுத அனுமதி, அவங்களுக்கும் விதி தெரியணும் இல்ல என்றாள். ஆக, எழுதிவிட்டேன். இனி இந்த விஷயத்தில் என்னிடமிருந்து ஒரு வரி எதிர்பார்க்காதீர்கள்.

இனி நம் வேலை, அதாவது அந்தச் சரித்திரத்தைக் கடிதத்திலேயே சேர்ந்து படிப்பது. என் யோசனையைச் சொல்கிறேன், பிடிக்காவிட்டால் மாற்றுங்கள். கப்பலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். கப்பல் வருவதற்கு முன்னால் அங்கே இருந்தவர்களிடமிருந்து ஆரம்பிப்போம். அவர்கள் எத்தனை மொழி பேசினார்கள், என்ன பயிர் செய்தார்கள், வந்தவர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று ஏதாவது புத்தகம் இருக்கும். ஒட்டகம் கூடாரத்துக்குள் மூக்கை நுழைத்த கதையை ஒட்டகம் எழுதினால் வேறு மாதிரிதான் இருக்கும். அப்புறம் விலைக்கு விற்கப்பட்டு வந்த கறுப்பின மக்கள். அந்த நீலப் புத்தகம் அவர்கள் வந்து இறங்கியதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வரியில் புகையிலைக்குப் போனபோது நீங்கள் அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்தீர்கள். அந்த மடிப்பை நாம் இன்னும் பிரிக்கவில்லை. நூலகர் மூன்று புத்தகங்களின் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் ஊர் நூலகத்திலும் இருக்கும், கேளுங்கள்.

தளபதிகளின் குதிரைக்கு என்ன பெயர் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். அவர்கள் சண்டைக்குப் போனபோது கடையை யார் திறந்தார்கள், சோப்பு யார் காய்ச்சினார்கள், அது வேண்டும். பிரிந்துவந்த மாகாணங்கள் முதலில் தங்களுக்குள் போட்டுக்கொண்ட தளர்வான கூட்டு ஒப்பந்தம் தாங்கவில்லையாம். அப்புறம் ஒரு கோடையில் ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு, புழுக்கத்தில் உட்கார்ந்து அரசியல் சட்டம் என்று இன்னொன்று எழுதினார்களாம். அது வரைக்கும் போவோம். அதற்கு மேல் போக நம் முழங்கால் தாங்காது. படிக்கிறதுக்கு முழங்கால் எதற்கு என்று கேட்காதீர்கள், நூலகம் மாடியில் இருக்கிறது. உங்கள் முழங்கால் வீக்கம் குறைந்ததா? இதைக் கேட்கலாம், இது உங்கள் முழங்கால்.

ஒரே ஒரு நிபந்தனை நான் வைக்கிறேன். சண்டைக் காலம் வரும்போது பிரிந்துபோனவர்கள் கட்சியை நீங்கள் படிக்க வேண்டும், ராஜா கட்சியை நான் படிக்கிறேன். முறைப்படி பார்த்தால் மனு போட்டது எங்கள் பக்கம், ராஜா உங்களுக்குத்தான் வர வேண்டும். வேண்டாம், மாற்றிக்கொள்வோம். எதிர்க் கட்சிக்காக எழுந்து நின்று பேசுவது எப்படி என்று நீங்கள் அன்று காட்டினீர்கள். எனக்கும் அது வருமா என்று பார்க்கிறேன். அந்த ராஜாவுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள். மண்ணின் மக்களையும் விற்கப்பட்டவர்களையும் மட்டும் நாம் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, இரண்டு பேரும் சேர்ந்தே படிக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் அவர்களை யாரும் உட்கார வைத்துப் பேசவில்லை.

மாதம் ஒரு கடிதம் நான், ஒரு கடிதம் நீங்கள், எங்கள் வீட்டு முகவரிக்கே. கையெழுத்து பெரிதாக இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்களும் உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள். ஒரு கரையில் மட்டும் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தம் ஆகாது. நீங்கள் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், என் கடிதம் அவர் கையில்தான் முதலில் கிடைக்கும். மறைத்துப் படித்து, என்னைப் போல மழை நாளில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அவருக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொன்னால் கண்ணாடியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வரி எழுதிவிடுங்கள். வருத்தப்படுவேன், கோபப்பட மாட்டேன். நான் தனியாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வேன்.

புதன்கிழமை, காலை

கடிதம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிட்டது. இது மேலே சேர்ப்பது.

தபால் ஆபீசுக்குக் கிளம்ப அட்டைப்பெட்டியை எடுத்தேன். உங்கள் கண்ணாடிக் கூட்டைப் பஞ்சு சுற்றி நேற்றே உள்ளே வைத்து, மூடியை ஒட்டாமல் மேஜை மேல் வைத்திருந்தேன். இப்போது தூக்கினால் கனம் கூடியிருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு கூடு.

பெயர்ச் சீட்டு ஒட்டியது உங்களுடையது. மற்றது ஆண்கள் போடுகிற பிரேம், உங்கள் பிள்ளை எங்கள் வீட்டு மேஜை இழுப்பறையில் விட்டுப்போய் ரொம்ப நாளாகக் கிடந்தது. லென்ஸைத் தண்ணீரில் கழுவி, சுத்தமாகத் துடைத்து, மெல்லிய துணியில் சுற்றியிருக்கிறது. நான் துடைக்கவில்லை. நான் வைக்கவில்லை. வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று மேலே எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் எழுதக் கூடாது என்பது ஒப்பந்தம், எழுதவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். அவள் வேலைக்குப் போய்விட்டாள், வந்தாலும் நான் கேட்கப் போவதில்லை.

வலப்பக்கம் காதில் மாட்டும் கம்பி மட்டும் கோணியிருந்தது. கழற்றாமலே தூங்குகிறவர்களின் கண்ணாடி அப்படித்தான் கோணும். நிமிர்த்திவிட்டேன். பவர் மாறியிருந்தால் லென்ஸ் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், பிரேம் நல்ல பிரேம், இன்னும் பல வருஷம் உழைக்கும்.

பெட்டியை ஒட்டிவிட்டேன். தபால் ஆபீஸ் திறந்திருக்கும், போய் வரிசையில் நிற்க வேண்டும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இருக்கிற எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று வயசில் பெரியவளாக ஆசீர்வாதம் செய்கிறேன். எல்லோரும் என்றால் எல்லோரும்தான்.

நன்றியோடு,
உங்கள் கண்ணாடிக்கடைக்காரி